வளைவுக்கு முன் ஒரு வார்த்தை

— இடது நாலு, அழுத்திப் போ. அடுத்து உடனே வலது ரெண்டு. உள்ள வெட்டாதே தம்பி, வெட்டாதே!

— அண்ணி, இது பந்தய ரோடு இல்ல, பஸ் ஸ்டாண்டு ரோடு. நீங்க சொன்ன வலது ரெண்டுல ஐஸ் வண்டி ஒண்ணு குறுக்க நிக்குது.

— நேத்து அங்க ஐஸ் வண்டி நிக்கலையே?

— ஐஸ் வண்டிக்கும் சக்கரம் இருக்கு அண்ணி. நகரும்.

— சரி, கேளு. ரேடியோவுல செய்தி ஆரம்பிச்சாச்சு. செய்தி முடிஞ்சதும் வானிலை, வானிலை முடிஞ்சதும் நீ. "படிக்க வேண்டிய பந்தயப் புத்தகங்கள்"னு காலையிலேர்ந்து உன் பேரைச் சொல்லி விளம்பரம் பண்ணிக்கிட்டிருக்காங்க. நீ போகலன்னா மைக்கையா பேசச் சொல்வாங்க?

— நான் போனாலும் மைக்குதான் அண்ணி பேசணும். வாழ்க்கையில நான் படிச்ச ஒரே புத்தகம் டிரைவிங் லைசென்ஸ்.

— அதையாவது ஒழுங்காப் படிச்சியா? காலாவதி ஆயிடுச்சுன்னு போலீஸ்காரர் சொல்லித்தானே உனக்கே தெரிஞ்சுது!

— விடுங்க அண்ணி. மீன்காரனைக் கூப்பிட்டு, கடலைப் பத்தி நல்ல கவிதை நாலு சொல்லுன்னா அவன் என்ன பண்ணுவான்? கார் பந்தயத்துல ஜெயிச்சவன் கார் பந்தயத்தைப் பத்திப் படிச்சிருப்பான்னு இவங்களுக்கு யார் சொன்னது?

— நீதான் சொன்னே. போன்ல அந்தப் பொண்ணு கேட்டப்போ, "ஓ, நிறையப் படிப்பேனே"ன்னு நீட்டி முழக்கினே. நான் பக்கத்துலதான் இருந்தேன்.

— நீங்க படிச்சது நான் படிச்ச மாதிரிதானே? இத்தனை வருஷம் ஒரே வண்டியில போறோம். நான் ஸ்டீயரிங்கைப் பிடிச்சா நீங்க பக்கத்து சீட்டுல உக்காந்து வர்ற வளைவைச் சொல்றீங்க. உங்க வாயி, என் கை. அதே கணக்குதான் இதுவும்.

— வளைவு சொல்றதும் புத்தகம் சொல்றதும் ஒண்ணா?

— எனக்கு ஒண்ணுதான். கதையாச் சொன்னா மண்டையில ஏறாது. வளைவாச் சொல்லுங்க, ஏறிடும். ஒண்ணுன்னா ஊசி வளைவு, ஆறுன்னா கிட்டத்தட்ட நேர் ரோடு. புத்தகத்தையும் அப்படியே சொல்லிக்கிட்டு வாங்க. ரேடியோ ஸ்டேஷன் போறதுக்குள்ள அவங்க கேட்ட அஞ்சு புத்தகத்தையும் ஏத்திக்கிடறேன்.

— உங்க அண்ணன் சொல்றது சரி. என் தம்பிக்கு மூளை முழங்காலுக்குக் கீழ இருக்கு, பிரேக்குக்குப் பக்கத்துலன்னு.

— அண்ணன் மெக்கானிக். எது எங்க இருக்குன்னு அவருக்குத்தான் தெரியும். ஆரம்பிங்க.

— சரி, கேளு. முதல் புத்தகம். பாய்மரப் படகு. பெரிய கடலைத் தனியாத் தாண்டற பந்தயம். எழுதினது ஒரு பொம்பளை. தொடக்கம் ஆறு, நல்ல காத்து, டாப் கியர்ல போலாம். கால்வாசி தாண்டினதும் இடது ஒண்ணு. பாய்மரம் முறியுது. ஆச்சா?

— ஆச்சு. கை பிரேக் போட்டுத் திருப்பிட்டேன். அப்புறம்?

— அப்புறம் நேர். நீளமான நேர். காத்தே இல்ல. ஒரு அத்தியாயம் முழுக்க ஒண்ணுமே நடக்காது. படகு நின்ன இடத்துலயே நிக்கும். அவ உக்காந்து பாயைத் தைச்சுக்கிட்டே இருப்பா.

— அது போர் அடிக்காதா அண்ணி?

— அதுதான் தம்பி புத்தகமே. அடிக்கற காத்துல எவன் வேணா ஓட்டிடுவான். அவ என்ன எழுதறான்னா, "எதிரி படகு எங்க இருக்குன்னு தெரியாது. கரை எங்க இருக்குன்னு தெரியாது. ஊசி மட்டும் கைக்குத் தெரிஞ்சுது"ன்னு. கடைசியில கரைக்கு வர்றா. பரிசு குடுத்து, பந்தலைப் பிரிச்சு, எல்லாரும் வீட்டுக்குப் போயாச்சு. துறைமுகத்தைக் கூட்டறவர் ஒருத்தர் மட்டும் கயித்தைப் பிடிச்சுக் கட்டிவிட்டு, "நீங்க எங்கம்மா போயிட்டு வர்றீங்க?"ன்னு கேக்கறார்.

— ஐயோ பாவம். இவ என்ன சொன்னா?

— "தையல் வேலை இருந்துச்சு"ன்னு சொன்னா.

— ஹா! இதை நான் சொல்றேன். இது போதும், மீதி அரைமணி நேரத்துக்குப் பாட்டுப் போடச் சொல்லிடலாம். அண்ணி, சிக்னல்ல நிக்கறோம். இப்பவே கேட்டுடறேன். அடுத்த சீசன்?

— ரெண்டாவது புத்தகம், சைக்கிள்.

— அண்ணி.

— எழுதினது சைக்கிள் ஓட்டறவன் இல்ல. ஓட்டறவங்களுக்குத் தினமும் கால் பிடிச்சு விடற ஆளு. எண்ணெய் போட்டு நீவி விடறவர். இது முழுக்க வலது அஞ்சு, இடது அஞ்சு, மலைப்பாதை மாதிரி ஆடிக்கிட்டே போகும். ஜெயிச்சவன் மூஞ்சியைப் பத்தி ஒரு வரி இருக்காது. எல்லாம் கால்தான்.

— அண்ணி, நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. நிகழ்ச்சி முடியறப்போ அந்தப் பொண்ணு, "அடுத்த சீசன்ல உங்க ஜோடி யாரு?"ன்னு கேப்பா. நேரலை. நமக்கு ஸ்பான்சர் பண்ற பேட்டரி கம்பெனிக்காரர் காதை ரேடியோவுல ஒட்ட வச்சுக்கிட்டு உக்காந்திருப்பார். இன்னிக்கு நான் உங்க பேரைச் சொல்லலன்னா, நாளைக்குக் காலையில அந்தக் கூலிங் கிளாஸ் பையனை என் பக்கத்து சீட்டுல கட்டி வச்சுடுவார்.

— கட்டி வைக்கட்டும். நல்ல பையன். சின்ன வயசு. கம்ப்யூட்டர்ல பார்த்துச் சொல்றானாம்.

— அவன் ரெண்டு ரவுண்டு என்கூட உக்காந்து வந்து பார்த்தான். வளைவு போனப்புறம் வளைவு சொல்றான். கல்யாணம் முடிஞ்சப்புறம் ஜாதகம் பார்க்கற மாதிரி.

— பழகினா சரியாயிடும்.

— எதுக்கு அண்ணி? நான் என்ன தப்பு பண்ணினேன்? போன மாசம் கேட்டா கழுத்து வலின்னீங்க. அதுக்கப்புறம் கேட்டா வீட்டு வேலைன்னீங்க. அண்ணன்தானே சமையல் பண்றார்?

— களைப்பா இருக்கு தம்பி. அவ்வளவுதான். ஒருத்திக்குக் களைப்பு வரக்கூடாதா? பச்சை விழுந்தாச்சா?

— விழுந்தாச்சு. பின்னாடி ஹாரன் அடிக்கறானே.

— அப்போ போ. மூணாவது புத்தகம், கார். இது உனக்குப் பிடிக்கும். ஒரே ஒரு வளைவைப் பத்தின புத்தகம். வட்டமாச் சுத்தற பந்தய மைதானத்துல, ஒரு வளைவுல நின்னு கொடி காட்டற ஆளு எழுதினது. வேலைக்குச் சேர்ந்ததுலேர்ந்து ரிட்டயர் ஆகற வரைக்கும் அதே வளைவு. யார் ஜெயிச்சாங்கன்னு மறுநாள் பேப்பர் பார்த்துத்தான் அவருக்கே தெரியும்.

— அட!

— யாராவது அடிச்சு நின்னா மஞ்சக் கொடி காட்டணும். சீக்கிரம் காட்டினா, ஓட்டறவன் திட்டுவான். தாமதமாக் காட்டினா, திட்டறதுக்கு அவன் இருக்கமாட்டான்.

— இதை நீங்க சொல்றப்போ குரல் மாறுதே அண்ணி.

— தொண்டை கட்டியிருக்கு. அடுத்த சந்துல இடது மூணு. பேக்கரி வாசனை வருதுல்ல, அது தாண்டினதும்.

— அண்ணி, இடது பக்கம் ரோடே இல்ல. தோண்டிப் போட்டிருக்கான். தடுப்பு வச்சு, சிவப்பு விளக்குக்கூடக் கட்டியிருக்கான். இவ்வளவு பெரிசாத் தெரியுதே?

— ஓ. இருக்கா? சரி, நேராப் போய்த் தண்ணித் தொட்டி தாண்டித் திரும்பு. போன் அடிக்குது, அதை எடு.

— ஸ்பீக்கர்ல போடறேன். ஹலோ!

— வணக்கம் சார்! ரேடியோ ஸ்டேஷன்லேர்ந்து பேசறேன் சார், உங்க நிகழ்ச்சித் தயாரிப்பாளர். எங்க சார் இருக்கீங்க? எனக்கு இங்க பிபி ஏறிக்கிட்டிருக்கு சார்.

— இதோ தண்ணித் தொட்டிக்கிட்ட வந்துட்டேன்மா. கார் ராலி டிரைவரைப் பார்த்து லேட்டாகுமான்னு கேக்கலாமா?

— சாரி சார், சாரி சார். ரெண்டே விஷயம் சார். அஞ்சு புத்தகத்துல ஒண்ணாவது புதுசா வந்ததா இருக்கணும்னு எங்க டைரக்டர் சொல்றார் சார். எல்லாமே பழசா இருந்தா கேக்கறவங்க கடையில தேடிக் கிடைக்காம எங்களைத் திட்டுவாங்க சார்.

— இருக்கும்மா, இருக்கு. புதுசு ஒண்ணு பின் சீட்டுலயே கிடக்கு. இன்னொண்ணு?

— மேடமும் கூட வர்றாங்கதானே சார்? அவங்க குரலுக்கு இங்க எல்லாரும் ரசிகருங்க சார். வண்டிக்குள்ள அவங்க வளைவு சொல்ற வீடியோவை நாங்க எத்தனை தடவை பார்த்திருக்கோம் தெரியுமா சார்? மேடம் உள்ள வந்து ஒரு புத்தகத்துலேர்ந்து ஒரு பக்கம் வாசிச்சாங்கன்னா சூப்பரா இருக்கும் சார்.

— கண்டிப்பா வாசிப்பாங்க!

— தேங்க்யூ சார்! சீக்கிரம் வாங்க சார்! பிபி சார்!

— வச்சுட்டா. ஏன் அண்ணி முறைக்கறீங்க?

— உனக்கு யாருடா அதிகாரம் குடுத்தது? நான் வாசிக்கமாட்டேன்.

— ஏன்? நல்ல குரல். ஊரே கேக்கட்டுமே.

— தொண்டை கட்டியிருக்குன்னு சொன்னேன்ல?

— ஒரு பக்கம்தானே? இத்தனை நேரம் தொண்டை கட்டினவங்களா எனக்கு மூணு புத்தகம் சொன்னீங்க?

— கண்ணாடி கொண்டு வரல.

— நீங்க எப்போ அண்ணி கண்ணாடி போட்டீங்க?

— நான் வண்டியிலயே உக்காந்திருக்கேன். நீ உள்ள போய்ப் பேசிட்டு வா. நாலாவது புத்தகம்...

— இருங்க. முதல்ல அந்தப் புதுசைச் சொல்லுங்க. ஒரு சின்னப் பொண்ணு, மோட்டார் பைக் பந்தயம் ஓட்டறவ, எழுதினது. பதிப்பகத்துக்காரங்களே அனுப்பி வச்சிருக்காங்க. உங்ககிட்ட குடுத்து ரொம்ப நாளாச்சு. எப்படி இருக்கு?

— சுமார்.

— எந்த இடம் சுமார்?

— மொத்தமாவே சுமார்தான். இந்தக் காலத்துப் பிள்ளைங்க, வேகமா ஓட்டினேன், விழுந்தேன், எழுந்தேன்னு எழுதறாங்க. அவ்வளவுதான்.

— அண்ணி, காலையில பின் சீட்டுலேர்ந்து எடுத்துப் பார்த்தேன். மேல சுத்தின பிளாஸ்டிக் கவரே இன்னும் பிரிக்கல.

— கவரோட இருந்தா அழுக்காகாது தம்பி.

— முன்னெல்லாம் புத்தகம் வந்தா கவர் கிழிக்கற சத்தம் அடுத்த தெரு வரைக்கும் கேக்கும். அண்ணன் சாப்பிட வான்னு கத்தினாக்கூட, இந்த அத்தியாயம் முடியட்டும்பீங்க. ரெண்டு பந்தயத்துக்கு நடுவுல டயர் மாத்தற நேரத்துலகூட டயர் மேல உக்காந்து படிப்பீங்க. இன்னிக்கு எனக்குச் சொன்னதெல்லாம் எப்பவோ படிச்சது. புதுசா ஒண்ணுகூட இல்ல.

— பழசுதான் நல்லா இருக்கு. நீயும் நானும் புதுசா என்ன?

— சிரிக்க வைக்காதீங்க.

— சிரிக்க வைக்கல தம்பி. வண்டியைப் பாரு. செய்தியில விளையாட்டு வந்தாச்சு, அடுத்தது வானிலை. நாலாவது புத்தகம் கேட்டுக்க, இல்லன்னா அங்க போய் மூணுக்கு மேல எண்ணத் தெரியாதவன் மாதிரி நிப்பே.

— சொல்லுங்க.

— துடுப்புப் படகு. ஆத்துல நடக்கற பந்தயம். எட்டுப் பேரு துடுப்புப் போடுவாங்க. ஒரு விஷயம் கவனி. எட்டுப் பேருமே போற திசைக்கு முதுகைக் காட்டிக்கிட்டுத்தான் உக்காந்திருப்பாங்க. எங்க போறோம்னு அவங்களுக்குத் தெரியாது.

— அப்போ எப்படிப் போவாங்க?

— கடைசியில குட்டியா ஒருத்தன் உக்காந்திருப்பான். அவன் மட்டும் முன்னாடி பார்ப்பான். துடுப்புப் போடமாட்டான். "இடது அழுத்து, வலது விடு"ன்னு கத்திக்கிட்டே வருவான். எட்டுப் பேரும் அவன் மூஞ்சியைப் பார்த்துக்கிட்டே பலத்தையெல்லாம் போடுவாங்க. அந்தக் குட்டி ஆளு எழுதின புத்தகம் இது.

— அது நீங்கதான் அண்ணி.

— நான் இல்ல.

— வேற யாரு? வெயிட்டு மட்டும் கொஞ்சம் கூட.

— அடி வாங்குவே. கேளு. தொடக்கம் நாலு, இறுகிக்கிட்டே போகும். ஒரு நாள் பனிமூட்டம். ஆறு தெரியல. பந்தயத்தை நிறுத்தமாட்டேங்கறாங்க. எட்டுப் பேரும் இவன் மூஞ்சியைப் பார்க்கறாங்க. இவனுக்கு முன்னாடி வெள்ளையைத் தவிர ஒண்ணுமில்ல. "எனக்குத் தெரியல"ன்னு சொன்னா எட்டுத் துடுப்பும் நின்னுடும். சொல்லலன்னா...

— சொல்லலன்னா?

— அதுக்கு மேல நீ ரேடியோவுல சொல்லாதே. கேக்கறவங்க வாங்கிப் படிக்கட்டும்.

— எனக்குச் சொல்லுங்க அண்ணி. இவன் என்ன பண்ணினான்?

— சத்தமாக் கத்தினான். தெரிஞ்ச மாதிரியே கத்தினான்.

— ஜெயிச்சாங்களா?

— அன்னிக்கு ஜெயிச்சாங்க. ஆனா அதுக்கப்புறம் அவன் படகுல ஏறல. ஏன்னு எட்டுப் பேரும் கேட்டாங்க. களைப்பா இருக்குன்னான்.

— அண்ணி.

— ரேடியோ ஸ்டேஷன் வந்தாச்சுல்ல? மரம் இருக்கும் பாரு, அதுக்குக் கீழ நிறுத்து.

— நிறுத்திட்டேன்.

— வானிலை ஆரம்பிச்சுடுச்சு, ஓடு. அஞ்சாவது புத்தகம் இல்லன்னு சொல்லிடு. நாலு போதும், நாலும் நல்ல புத்தகம்.

— ஓடமாட்டேன். இறங்குங்க. ரெண்டு பேரும் போறோம், நீங்க ஒரு பக்கம் வாசிக்கறீங்க. இல்லன்னா ஏன் முடியாதுன்னு இங்கயே சொல்லுங்க.

— அடம் பிடிக்காதே தம்பி. சின்னப் புள்ளையா நீ? தலை நரைச்சாச்சு.

— உங்களுக்குத் தெரியுதா நரைச்சது?

— நேரமாச்சு, உள்ள போடா.

— சொல்லுங்க அண்ணி. என் தலை நரைச்சிருக்கா?

— உங்க அண்ணன் சொன்னார்.

— இங்க பாருங்க. என்னைப் பாருங்க.

— பார்த்துக்கிட்டுத்தாண்டா இருக்கேன். பார்த்தா, ரெண்டு காது தெரியுது. சட்டைக் காலர் தெரியுது. நடுவுல மூஞ்சி இருக்க வேண்டிய இடத்துல ஈரத் துணி தேச்ச மாதிரி இருக்கு. போதுமா?

— என் மூஞ்சிதானே, அது ஒண்ணும் பெரிய நஷ்டம் இல்ல அண்ணி.

— சிரிக்காதே. ஓரமெல்லாம் தெரியும். நடக்கலாம், காபி ஆத்தலாம். எதை நேராப் பார்க்கறேனோ அது மட்டும் போயிடும். எழுத்து போயிடுச்சு. எவ்வளவு பெரிசா எழுதினாலும் போயிடுச்சு. கண்ணாடி போட்டாலும் வராதுன்னு டாக்டர் சொல்லிட்டார். வாசின்னு அவ புத்தகத்தை நீட்டினா நான் என்னத்தைடா வாசிப்பேன்?

— அண்ணனுக்குத் தெரியுமா?

— தெரியாது. அவருக்குத் தெரிஞ்சா முதல்ல உன்கிட்டதான் ஓடி வருவார்.

— பந்தய லைசென்ஸுக்குக் கண் டெஸ்ட் வைப்பாங்களே, அதுல எப்படி?

— அந்த எழுத்துப் பலகை எல்லா ஆஸ்பத்திரியிலயும் ஒரே பலகைதான். நல்லாத் தெரியற காலத்துலயே மனசுல பதிஞ்சு போச்சு. பாட்டு மாதிரி சொன்னேன். டாக்டர், "இந்த வயசுல இப்படியொரு கண்ணா"ன்னு ஆச்சரியப்பட்டார்.

— ஹா... ஐயோ அண்ணி!

— இப்ப சிரிக்கறே. நான் அன்னிக்கு வீட்டுக்கு வந்து குழாயைத் திறந்து விட்டுட்டு அழுதேன்.

— வண்டியில? நான் ஓட்டறப்போ?

— பந்தயத்துக்கு முன்னாடி ரோட்டைப் பார்க்க மெதுவாப் போவோம்ல, நீ ஒவ்வொரு வளைவா சொல்லச் சொல்ல நான் நோட்டுல எழுதுவேன்ல, அப்போ போனைப் போட்டுப் பதிவு பண்ணிடுவேன். நோட்டுல நான் கிறுக்கினது எனக்கே தெரியாது. வீட்டுல வந்து காதுல மாட்டிக்கிட்டு, திருப்பித் திருப்பிக் கேட்டு மனப்பாடம். உங்க அண்ணன், என் பொண்டாட்டிக்கு இந்த வயசுல பாட்டுப் பைத்தியம்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சார். பந்தயத்தன்னிக்கு மடியில நோட்டை விரிச்சு வச்சுக்கிட்டு, பக்கம் புரட்டற மாதிரி புரட்டுவேன். வண்டி சாயறதை வச்சு எந்த வளைவுல இருக்கோம்னு முதுகுக்குத் தெரியும்.

— முதுகுக்கா?

— உன்கூட இத்தனை வருஷம் உக்காந்த முதுகு. ஆனா போதும்டா. என்னால முடியல. மனசுல இருக்கறது நேத்து ரோடு. பந்தயத்தன்னிக்குக் காலையில ஒரு மரம் விழுந்தா எனக்குத் தெரியாது. தோண்டிப் போட்டா தெரியாது. இன்னிக்கு ஐஸ் வண்டி நின்னதே தெரியலையே! ஒவ்வொரு தடவை பெல்ட்டை மாட்டறப்பவும், இன்னிக்கு இவனைக் கொல்லப் போறேன்னு நினைச்சுக்கிட்டேதான் மாட்டினேன். உனக்கு ரெண்டு குழந்தைங்க இருக்கு. அதான். வேற ஒருத்தனைப் பிடிச்சுக்கன்னு கெஞ்சினேன். காரணத்தைச் சொல்ல வாய் வரல.

— ஏன் வரல?

— சொன்னா அதோட முடிஞ்சுது. ஊர் பூரா, பாவம், பாவம்னு சொல்லும். வண்டியிலயும் ஏத்தமாட்டாங்க, புத்தகமும் படிக்க முடியாது, அப்புறம் நான் யாரு? காபி ஆத்தறவளா?

— சரி. அழாதீங்க. மூக்கைத் துடைங்க. இந்தாங்க.

— என்னது இது, எண்ணெய் நாத்தம் அடிக்குது?

— வண்டி துடைக்கற துணிதான். வேற இல்ல. அண்ணி, நான் சொல்றதைக் கேளுங்க. உள்ள போறோம். நீங்க பேசறீங்க. வாசிக்க வேண்டாம். எனக்குச் சொன்னீங்களே, தையல்காரி, கால் பிடிக்கறவர், கொடிக்காரர், அந்தக் குட்டி ஆளு, அதை அப்படியே சொல்லுங்க. எந்தப் பக்கத்தைப் பார்த்து வாசிச்சாலும் அவ்வளவு நல்லா இருக்காது. அஞ்சாவது புத்தகத்தை என் பொண்ணு தினம் வந்து உங்களுக்குப் படிச்சுக் காட்டுவா. சுமாரா இல்லையான்னு அடுத்த தடவை வந்து சொல்லலாம்.

— கடைசிக் கேள்வி கேப்பாளே, அடுத்த சீசன்ல ஜோடி யாருன்னு?

— அதுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன். ஓட்டறவன் இறங்கிட்டான், தோள்பட்டை போயிடுச்சு, இனிமே இந்த ஜோடி பந்தயத்துக்கு வராதுன்னு சொல்வேன். பேட்டரிக்காரர்கிட்ட நேத்தே சொல்லிட்டேன். ஓட்டறவனே இறங்கிட்டா, பக்கத்துல உக்காந்தவங்க ஏன் இறங்கினாங்கன்னு எவன் கேக்கப் போறான்?

— நேத்தேவா? நேத்தே சொல்லிட்டு, இன்னிக்கு என்னை இவ்வளவு நேரம் நச்சரிச்சியா?

— நீங்களா வாயைத் திறந்து சொல்வீங்களான்னு பார்த்தேன்.

— எனக்காக நீ ஏண்டா நிறுத்தணும்? இன்னும் நல்லா ஓட்டறே.

— தோள்பட்டை வலி பொய் இல்ல அண்ணி. எனக்கும் களைப்பு வரக்கூடாதா?

— அப்போ... உனக்கு முன்னாடியே தெரியும்.

— தெரியும்.

— எப்போலேர்ந்துடா?

— மழை கொட்டக் கொட்ட ஓட்டினோமே, மலைப் பந்தயம். அன்னிலேர்ந்து.

— அது இந்த சீசனோட முதல் பந்தயம்டா! தெரிஞ்சுக்கிட்டே, அதுக்கப்புறம் ஒவ்வொரு பந்தயமும் என் பேச்சை நம்பி அந்த வேகத்துல போனியா?

— போனேன்.

— பைத்தியக்காரா! யார் சொன்னது உனக்கு? டாக்டரா? அன்னிக்கு நான் ஒரு வளைவாவது தப்பாச் சொன்னேனா?

— ஒண்ணுகூடத் தப்பல அண்ணி, அதனாலதான் தெரிஞ்சுது. மேல போய் நின்னப்புறம்தான் பார்த்தேன்: கிளம்பற அவசரத்துல நோட்டுன்னு நினைச்சு உங்க மடியில நான் எடுத்து வச்சது நம்ம வண்டியோட மேனுவல், கியர் ஆயில் மாத்தறது எப்படின்னு போட்டிருக்கற பக்கத்தையெல்லாம் புரட்டிப் புரட்டித்தான் அந்த மலை உச்சி வரைக்கும் எனக்கு வழி சொல்லியிருக்கீங்க.